சாலையே பணியிடம்: சூடேற்றும் உடையும் குளிரூட்டும் உடையும்

தில்லியில் ஜனவரி மாத இரவில் உணவுப் பொட்டலம் கொண்டு செல்லும் இளைஞனுக்கும், நாகபுரியில் மே மாத நண்பகலில் பொதி சுமந்து செல்லும் இளைஞனுக்கும் பணியிடம் ஒன்றே. இருசக்கர வாகனத்தின் இருக்கைதான் அது. அதற்குச் சுவர் இல்லை, கூரையும் இல்லை. ஆலைக்குள் பணிபுரிவோர்க்குக் காற்றோட்டமும் தாங்கத்தக்க வெப்பநிலையும் இருத்தல் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்திருந்தது. சாலையில் உழைப்பவருக்கோ அத்தகைய காப்பு அவர் அணியும் உடையைத் தவிர வேறில்லை. ஆகவே திறந்த வாகனம் ஓட்டுவோரின் உடையைச் சூடேற்றுவதும் குளிரூட்டுவதும் செல்வர்களின் பொழுதுபோக்கைச் சார்ந்த செய்தியன்று. தொழிலாளர் நலத்தையும் சாலைப் பாதுகாப்பையும் சார்ந்ததாகும்.

இந்தியாவில் பதிவாகியுள்ள மோட்டார் வாகனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இருசக்கர வாகனங்களே. 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இணையவழி நிறுவனங்கள் மூலம் பணிபுரிவோரும் அவர்களையொத்த பிறரும் 2020-21இல் 77 லட்சம் பேர் இருந்ததாகவும், 2029-30இல் இவர்களின் எண்ணிக்கை 2.35 கோடியாகப் பெருகக்கூடும் என்றும் நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. இவர்களுள் கணிசமானோருக்கு இருசக்கர வாகனமே பிழைப்புக் கருவியாகும்.

உடலும் காற்றும்

மனித உடலின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் அளவில் நிலைத்திருத்தல் வேண்டும். தோலின் வெப்பநிலை அதற்குச் சற்றுக் குறைவாக 33 முதல் 35 டிகிரி வரை இருக்கும். வாகனம் ஓட்டும் ஒருவரின் உடல் ஏறக்குறைய 150 வாட் வெப்பத்தை இடைவிடாது உண்டாக்குகிறது. இவ்வெப்பம் தோல் வழியே வெளியேறியாக வேண்டும். தேவைக்கு மேல் வெளியேறிவிடவும் கூடாது.

இங்கே காற்று இரு வேடம் பூணுகிறது. காற்று தோலைவிடக் குளிர்ந்திருக்கும்போது, வாகனத்தின் வேகம் கூடக்கூட உடல் வெப்பம் விரைந்து பறிபோகிறது. அன்டார்க்டிகாவில் பால் சைப்பிள், சார்லஸ் பாசல் ஆகிய அமெரிக்கர் இருவர், உருளைக் கலத்தில் இட்ட நீர் காற்றில் உறைய ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு இவ்விளைவை அளந்தனர். அவர்களின் முடிவுகள் 1945இல் வெளியாயின. 2001இல் அமெரிக்காவும் கனடாவும் ஏற்ற திருத்திய வாய்பாட்டின்படி பார்த்தால், 5 டிகிரிக் குளிரில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் திறந்த முகம், காற்று அசையாத இடத்தில் பூஜ்யத்திற்கும் கீழான குளிரில் இருப்பதைப் போன்ற நிலையை அடைகிறது.

காற்று 44 டிகிரியில் வீசும்போது நிலைமை தலைகீழாகிறது. அப்போது காற்று தோலைவிடச் சூடானது. எனவே வேகம் கூடினால் வெப்பம் உடலினுள் ஏறுகிறது. வியர்வை ஆவியாதல் ஒன்றே உடலுக்கு எஞ்சியிருக்கும் வழி. வடமேற்கு இந்தியாவில் கடுங்கோடையில் மக்கள் தலையையும் கழுத்தையும் கைகளையும் தளர்ந்த பருத்தித் துணியால் மூடிக்கொள்வதன் காரணம் இதுவே.

குளிருக்கு முதல் மருந்து காற்றுத் தடுப்பு

குளிரில் முதலில் இடர்ப்படுவன விரல்கள். உள்வெப்பத்தைக் காக்கும் பொருட்டு உடல், கைகால்களுக்குச் செல்லும் குருதியைக் குறைத்துவிடுகிறது. விரலின் தோல் 15 டிகிரி அளவிற்குக் கீழே குளிர்ந்தால் விரல்களின் நுண்திறன் குன்றத் தொடங்குகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. மரத்துப்போன விரல் தடையைப் பிடிக்க ஒரு நொடி தாமதித்தால், அந்த 14 மீட்டரே உயிருக்கும் சாவுக்கும் இடையிலான தொலைவாகிவிடலாம்.

உடலருகே வெப்பத்தை வைத்துக்கொள்ளும் முறை இந்நாட்டிற்குப் புதிதன்று. காஷ்மீர மக்கள் பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி அமைத்து, அதில் தணல் இட்டு, 'பிரான்' என்னும் நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொள்வர். இதுவே காங்ரி. ஓடும் வாகனத்தில் இதற்கு இடமில்லை. மேலும், ஆண்டுக்கணக்கில் தணலின் சூடு பட்ட வயிற்றிலும் தொடையிலும் புற்றுநோய் தோன்றுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர். உடலருகே வைக்கும் வெப்பத்திற்குக் கட்டுப்பாடு இன்றியமையாதது என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம். 44 டிகிரிச் சூடுள்ள பொருள்கூடப் பல மணி நேரம் தோலைத் தொட்டிருந்தால் தீப்புண்ணை உண்டாக்கும்.

மின்சாரத்தால் சூடேற்றும் உடை, வானூர்திகளில் பிறந்தது. முதல் உலகப் போரின் பிற்பகுதியில், கூரையற்ற விமானங்களில் உயரப் பறந்தவர்களுக்காக அது ஆக்கப்பட்டது. பின்னர் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கும் வந்து சேர்ந்தது. உடையின் உட்புறத்தில் மெல்லிய உலோக இழை அல்லது கரியிழை பதிக்கப்பட்டிருக்கும். 12 வோல்ட் மின்சாரம் அதன் வழியே பாயும்போது இழை சூடாகும். வெப்பம் வரம்பு மீறாதபடி ஒரு கட்டுப்படுத்தி மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தும்.

இந்திய நிலையில் இதற்கொரு தடை உண்டு. 60 வாட் உடை ஒன்று 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். சிறிய மோட்டார் சைக்கிளின் மின்கலம் 5 ஆம்பியர்-மணிக்கு மேற்படாது. மின்னாக்கி ஈடுசெய்யாவிடில் அது ஒரு மணி நேரத்தில் வற்றிவிடும். சிறிய வண்டியின் மின்னாக்கியோ விளக்குகளுக்கும் எரியூட்டலுக்கும் போதுமான அளவிலேயே அமைக்கப்படுகிறது. 2017 முதல் புதிய வண்டிகளில் முகப்பு விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதால் மிச்சம் மேலும் குறைவு. எனவே முழு உடையையும் சூடேற்றுவதைவிடக் கைப்பிடிகளை மட்டும் சூடேற்றுவது அறிவுடைமை. இரண்டிற்கும் சேர்த்து 30 வாட் அளவே போதுமானது. மின்சார ஸ்கூட்டரில் இது இன்னும் எளிது: ஒரு மணி நேரம் கைப்பிடிகளைச் சூடேற்றுவதற்கு ஆகும் மின்சாரம், அவ்வண்டி ஏறத்தாழ 1 கிலோமீட்டர் ஓடுவதற்கு ஆகும் மின்சாரமே.

ஆயினும் வெப்பத்தைச் சேர்ப்பதற்கு முன் வெப்பம் பறிபோவதைத் தடுத்தல் வேண்டும். காற்றுப் புகாத மேலங்கியும், கைப்பிடிகளின் மேல் பொருத்தும் உறையும் மிகக் குறைந்த செலவில் கிடைப்பவை. வட மாநிலங்களில் ஓட்டிகள் சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வதும் இந்த அடிப்படையில்தான். காற்று தடுக்கப்படாத உடையில் மின்சாரத்தைச் செலுத்துவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

கோடையில் நீரின் வலிமை

குளிரூட்டும் உடைகள் நால்வகைப்படும். நீரில் நனைத்து அணிவது ஒன்று. குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகி வெப்பத்தை உட்கொள்ளும் மெழுகு அல்லது உப்புப் பைகளைக் கொண்டது இரண்டாவது. 1834இல் பிரெஞ்சு அறிஞர் பெல்ட்டியே கண்டறிந்த விளைவைப் பயன்படுத்தி, மின்சாரத்தால் ஒரு பக்கத்தைக் குளிர்விப்பது மூன்றாவது. மெல்லிய குழாய்களில் குளிர்நீரை ஓடவிடுவது நான்காவது; 1969இல் சந்திரனில் நடந்தவர்கள் அணிந்திருந்த உள்ளாடை இவ்வகையைச் சேர்ந்தது.

இவற்றை ஒப்பிடச் சிறு கணக்கு போதும். ஓட்டியின் உடல் ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பம் 540 கிலோஜூல். அரை லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,200 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு பகுதி வெயிலிலிருந்தும் சூடான காற்றிலிருந்தும் வருவதாகக் கொண்டாலும், எஞ்சுவது பெரும் உதவியே. கிலோவுக்கு 200 கிலோஜூல் கொள்ளும் உருகுபொருள் 2 கிலோ சுமந்தால் கிடைப்பது 400 கிலோஜூல் மட்டுமே. பெல்ட்டியே கருவியோ நீக்கும் வெப்பத்திற்கு ஈடாகவோ அதற்கு மேலாகவோ மின்சாரத்தைக் கேட்கும். அது வெளியேற்றும் சூட்டை விரட்ட விசிறியும் தேவை. ஆக, விலை மலிந்த நீரே வலிமை மிக்கது. துணியில் உள்ள நீர் ஆவியாகும் அளவிற்கு, உடல் தன் நீரை வியர்வையாக இழப்பதும் குறைகிறது.

ஆனால் இவ்வலிமை எங்கும் ஒரே அளவினதன்று. காற்று வெப்பநிலை 42 டிகிரியாகவும் ஈரப்பதம் 20 சதவீதமாகவும் உள்ள இடத்தில் நனைந்த துணி ஏறத்தாழ 24 டிகிரி வரை குளிரக்கூடும். 36 டிகிரியும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள கடலோரத்தில் அது 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. ராஜஸ்தானுக்கும் விதர்ப்பத்திற்கும் நனைந்த உடை ஏற்றது. மும்பை, சென்னை, கொல்கத்தா போன்ற நகரங்களில் அதன் பயன் குறைவு. அங்கே 28 டிகிரியிலோ அதற்குச் சற்றுக் கீழோ உருகும் பைகள் கொண்ட உடை பொருத்தமானது. ஈரக்காற்று அதன் செயலைக் கெடுப்பதில்லை. உருகிய பைகளைக் குளிர்ந்த நீரிலோ குளிர்பதனப் பெட்டியிலோ இட்டு மீண்டும் உறையச் செய்யலாம். பனிக்கட்டியை நேரே தோலின்மேல் வைப்பது நன்றன்று. கடுங்குளிர் பட்ட தோலின் குருதி நாளங்கள் சுருங்கி, உள்வெப்பம் வெளியேறுவது தடைப்படும்.

தலைக்கவசம் பற்றி ஓர் எச்சரிக்கை

2023இல் அகமதாபாத்திலும், 2024இல் வடோதராவிலும் போக்குவரத்துக் காவலர்களுக்கு மின்கலத்தால் இயங்கும் குளிர்காற்றுத் தலைக்கவசங்கள் வழங்கப்பட்டன. நாற்சந்தியில் நின்று பணிபுரிவோருக்கு உதவும் முயற்சி இது. வாகனம் ஓட்டுவோருக்கான தலைக்கவசம் வேறு. அது மோதலின் அதிர்ச்சியைத் தாங்குவதற்கென ஐ.எஸ். 4151 என்னும் இந்தியத் தரத்திற்கு உட்பட்டது. குளிர்ச்சிக்காக அதில் துளையிடுவதோ, உள்மெத்தையை அகற்றிக் கருவி பொருத்துவதோ உயிருக்கு ஆபத்தாகும். தலையைக் குளிர்விக்கக் கழுத்தைச் சுற்றி நனைந்த துணி அணிவது எளிய மாற்று. அதன் முனைகள் சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்காதவாறு உள்ளே செருகிக்கொள்ள வேண்டும்.

செலவு யாரைச் சார்ந்தது?

இத்தகைய உடைகளை ஆக்கும் திறன் இந்நாட்டில் உண்டு. லூதியானாவின் கம்பளிப் பின்னலும் திருப்பூரின் பருத்திப் பின்னலும் உலகச் சந்தையில் இடம் பெற்றவை. 2020இல் 1,480 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கம் ஏற்படுத்தப்பட்டது. இத்திறன்களை உழைக்கும் ஓட்டியின் தேவையோடு இணைப்பதே இனி ஆற்ற வேண்டிய பணி. ஓர் உடை எத்தனை வாட் வெப்பத்தை எத்தனை மணி நேரம் நீக்கும் அல்லது அளிக்கும் என்பதை அதன்மேல் பொறிக்கும் தரமுறை வகுக்கப்பட்டால், வாங்குபவர் ஏமாற மாட்டார். கொள்முதல் செய்யும் அலுவலரும் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்க நேராது.

ஒவ்வொரு பொட்டலத்திற்கும் கூலி பெறும் ஓட்டியிடம் இச்செலவைச் சுமத்துவது முறையாகாது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இப்பணியாளர்களை முதன்முறையாக வரையறுத்து, இணையவழி நிறுவனங்கள் தம் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் நிதியளிக்க வழிவகுத்தது. விபத்துக்குப் பின் இழப்பீடு வழங்குவதோடு நில்லாமல், விபத்தைத் தடுக்கும் உடையை நிறுவனமே வழங்குவது அக்கொள்கையின் இயல்பான அடுத்த படியாகும்.

உடையின் எல்லையையும் மறந்துவிடலாகாது. 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்திற்கு மேல் 1,344 உயிர்களை இழந்த அகமதாபாத், 2013இல் தெற்காசியாவிலேயே முதலாவதான வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. முன்னெச்சரிக்கை, குடிநீர், நிழல் ஆகியவையே உயிர் காப்பவை என்பதை அத்திட்டம் உணர்த்தியது. 2025இல் சென்னை மாநகராட்சி இப்பணியாளர்களுக்குக் குளிரூட்டப்பட்ட ஓய்வறைகளைத் திறந்தது. நனைந்த உடைக்கு மீண்டும் நீர் ஊற்றவும், உருகிய பையை உறைந்த பையாக மாற்றிக்கொள்ளவும் இத்தகைய இடங்களே ஏற்றவை. தங்குமிடமும் உடையும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

45 டிகிரி வெயிலில் ஒருவரைப் பத்து நிமிடத்தில் பொருள் கொண்டுவரச் சொல்வதற்கு, அவர் குளிரூட்டும் உடை அணிந்திருக்கிறார் என்பது சாக்காக அமைந்துவிடக் கூடாது. வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்ட நண்பகல் வேளையில், உடையைவிட ஓய்வே சிறந்த காப்பு. குளிரில் முதலில் காற்றைத் தடுத்துப் பின்னர்ச் சூடேற்றுதல். வெயிலில் முதலில் நிழலும் நீரும் தந்து பின்னர்க் கருவியை நாடுதல்: இவ்வரிசை தவறாமல் கடைப்பிடிக்கப்பட்டால், சாலையைப் பணியிடமாகக் கொண்ட உழைப்பாளிகள் பணி முடிந்து நலமாக வீடு திரும்புவர்.