மண்ணுக்குள் இருக்கும் கிண்ணம்

அவனியாபுரம்

அன்புள்ள மருமகனுக்கு,

புற்றுக்காளான் ஐப்பசி மழைக்குப் பின் கண்மாய்க்கரையிலும் வரப்பிலும் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். இடி இடித்தால் முளைக்கும் என்பது ஊர்ப்பேச்சு. உண்மையில் அதை வளர்ப்பது கரையான். குடையின் உச்சியில் ஆணித்தலை போல ஒரு கூர் இருக்கும். தண்டு வேர் மாதிரி நீண்டு கரையான் கூடு வரை இறங்கும். அடியில் கிண்ணம் கிடையாது.

அதே மழைக்குப் புல்தரையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரியும் வெள்ளைக் குடை வேறு. மேலே பழுப்புச் செதில்கள், தண்டில் ஒரு வளையம். குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள் இளசில் வெள்ளை, முற்றினால் பாசிப்பச்சை. ஏமாறுபவர்கள் இளசைப் பறிப்பவர்களே. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வாட்டும். பெரும்பாலும் உயிருக்கு மோசமில்லை.

ஆளைக் கொல்லும் அமானிட்டா இனங்கள் மரவேரோடு ஒட்டி வாழ்பவை. அவற்றில் பேர்போன சாவுத்தொப்பிக்கு ஓக், பைன் போன்ற மரங்களின் நிழல் வேண்டும். ஆகவே சமவெளியில் பழகிய கண் அந்த மரங்கள் உள்ள மலைக்குப் போனால் உதவாது. சாவுத்தொப்பியின் குடை மஞ்சள் கலந்த பச்சை, சிலவற்றில் வெள்ளை. மடிப்புகள் முற்றினாலும் வெள்ளைதான். தண்டில் பாவாடை போல வளையம், அடியில் உடைந்த முட்டையோடு போல ஒரு கிண்ணம். பிடுங்கினால் கிண்ணம் மண்ணிலேயே தங்கிவிடும், அடையாளமும் அங்கேயே போய்விடும். ஆகவே கத்தியால் சுற்றிக் கிளறி அடியோடு எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மொட்டாக இருக்கையில் சாவுத்தொப்பி தோலுரித்த அவித்த முட்டை போலவே இருக்கும். நெடுக்காக அறுத்தால் உள்ளே மடங்கிய குடை தெரியும்.

வித்துத்தூளையும் பார்க்கலாம். குடையை வெட்டி, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான தாளில் கவிழ்த்து, மேலே டம்ளரை மூடி இரவு முழுக்க விட வேண்டும். புற்றுக்காளான் வெளிர் ரோஜா நிறத்திலும், புல்தரைக் காளான் பச்சையாகவும், அமானிட்டா வெள்ளையாகவும் தூள் விடும்.

வெள்ளிக்காசு கறுக்கும், பூண்டு நிறம் மாறும், பூச்சி தின்றது மனிதனுக்கும் ஆகும் என்பதெல்லாம் வெறும் கதை. சாவுத்தொப்பியைப் பூச்சியும் நத்தையும் நிம்மதியாகத் தின்னும். அதன் நஞ்சு கொதித்தாலும் காய்ந்தாலும் குறையாது. ஒரு பெரியவரைக் கொல்ல ஒரு காளானே போதும்.

தின்றவருக்கு 6 மணி நேரம் முதல் ஒரு நாள் வரை ஒன்றும் தெரியாது. பிறகு கடும் வாந்தி, பேதி. அடுத்து தேறியது போல ஒரு நாள் இருக்கும். ஆளை ஏமாற்றும் நாள் அதுதான். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். அசாமில் 2022 ஏப்ரலில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். சந்தேகம் வந்த உடனே, வாந்திக்குக் காத்திராமல், மிஞ்சிய காளானையும் சமைத்த மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூடச் சாப்பிட்ட எல்லோரும் போக வேண்டும்.

காளான் ஆசைக்கு அருப்புக்கோட்டையின் பால்காளான் இருக்கிறது. அங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த ஏபிகே-2 ரகம் மதுரை வெயிலிலும் வைக்கோலில் விளையும்.

இப்படிக்கு,
மாமா