உடன்பிறந்தாள் கடன்

புறநானூற்றின் 312ஆம் பாடலை நடத்தாத தமிழாசிரியர் இலர். ஓர் இளைஞனை உருவாக்குவதில் எவரெவர்க்கு என்னென்ன பொறுப்பு என்பதைப் பொன்முடியார் அதில் பகுத்துரைக்கிறார். பெற்று வளர்ப்பவள் தாய். பண்புடையவனாக ஆக்குபவன் தந்தை. வேல் செய்து தருபவன் கொல்லன். வேந்தனுக்கும் ஒரு பங்கு உண்டு. களத்தில் யானையை வீழ்த்தி மீள்வது அவ்விளைஞனின் பங்கு. சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை வகுப்பில் இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இதில் அக்காவுக்கு ஒன்றும் இல்லையா?" என்று வினவினாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வீடு திரும்பும் வழியில்தான் அவ்வினாவின் கனம் எனக்குப் புலப்பட்டது. மறுநாள் அவளுக்கு விடையாக ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் கூறினேன்.

இராமேசுவரத்தில் 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் பிறந்த ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் அவர்கள் 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக வீற்றிருந்ததையும், 2015இல் மறைந்து பிறந்த மண்ணிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டதையும் யாவரும் அறிவர். ஆயின் அவர் விண்ணியல் துறையை அடைந்த வழியில் நின்றவர்கள் யார் யார் என்பதை நம் மாணவர்கள் அவ்வளவாக அறியார். 'அக்கினிச் சிறகுகள்' என்னும் தன்வரலாற்று நூலில் அவரே அதனை விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

தந்தை ஜைனுலாப்தீன் பெரிய பள்ளிப்படிப்பு இல்லாதவர். யாத்திரிகர்களை ஏற்றிச் செல்ல அவர் மரப்படகு கட்டியபோது கலாமுக்கு வயது ஆறு. மரத்துண்டுகள் படகாக உருப்பெறுவதை அச்சிறுவர் அருகிருந்து கண்டார். பின்னாளில் பொறியாளரான ஒருவருக்கு இதைக் காட்டிலும் நல்ல முதற்பாடம் எந்தப் பள்ளியில் கிடைத்திருக்கும்? படகு வேலையில் துணைநின்ற அகமது ஜலாலுத்தீன், கலாமைவிட ஏறத்தாழப் பதினைந்து வயது மூத்தவர். பின்னர் அக்காள் ஜொஹராவை மணந்து மச்சானானவர். தீவில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அன்று அவர் ஒருவரே. ஊரார்க்குக் கடிதம் எழுதிக் கொடுத்த அவர்தாம், தீவுக்கு அப்பாலும் ஓர் உலகம் உண்டு என்பதைச் சிறுவர்க்குப் பேசிப் பேசி உணர்த்தியவர். உறவினரான சம்சுத்தீன் செய்தித்தாள் விற்பனையாளர். இரண்டாம் உலகப்போரின்போது இராமேசுவரத்தில் இரயில் நிற்பது தடைப்பட்டது; ஓடும் வண்டியிலிருந்து எறியப்பட்ட தாள்கட்டுகளைப் பிடித்துக் கொடுத்து, கலாம் தம் முதற்கூலியைப் பெற்றது அவரிடமே.

தந்தையின் விருப்பம் மகன் கலெக்டராக வேண்டும் என்பதே. மகனோ திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தார். 1954இல் படிப்பை முடித்த பின்னரே தமக்குரிய துறை பொறியியல் என உணர்ந்தார். இன்று ஒரு மாணவன் பட்டம் பெற்ற பிறகு, "வாப்பா, நான் தவறான பாடத்தை எடுத்துவிட்டேன்" என்று வந்து நின்றால் நம் வீடுகளில் என்ன நிகழும் என்பதைப் பெற்றோர் தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். தந்தை தம் விருப்பத்தை மகன்மேல் சுமத்தவில்லை. ஆனால் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவை. அவ்வளவு பணம் அவரிடம் இல்லை. அப்போது ஜொஹரா தம் பொன்வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். தம் சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்பேன் என்று தம்பி உறுதி பூண்டார். கையில் பணம் சேர அவருக்கிருந்த ஒரே வழி, ஊன்றிப் படித்து உதவித்தொகை பெறுவது.

விமானப் பொறியியல் இன்னதென்று அக்குடும்பத்தில் எவரும் கற்றறிந்தவரல்லர். ஒரு சகோதரர் மளிகைக் கடை வைத்திருந்தார். மற்றொருவர் சங்கு, சிப்பிப் பொருள்கள் விற்றார். தாம் அறியாத துறைக்குள் ஒரு பிள்ளை போக, அறிந்தவரை வழியனுப்பினார்கள். இக்காலத்தில் வழிகாட்டல் முகாம் நடத்தும் நாம், எந்தப் படிப்புக்கு எந்த வேலை என்ற பட்டியலோடு நின்றுவிடுகிறோம். பட்டியல் வேண்டியதுதான், வீடு செய்யும் வேலை வேறு.

இவ்வளவும் கூறி, பொன்முடியார் சொல்லாமல் விட்ட கடன் ஒன்று இங்கே நிறைவேறியது என்று முடித்தேன். எனக்கு நல்ல விடையாகவே தோன்றியது. அம்மாணவி அமரவில்லை. "தம்பியின் பாலிடெக்னிக் கட்டணத்துக்கு என் வளையலையும் வைத்திருக்கிறோம் ஐயா. அதில் எனக்கு வருத்தமில்லை. நான் பி.எட். படிக்க வேண்டுமென்றால் யார் வளையலை வைப்பார்கள்?" என்றாள். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

அவ்வாரமே அவள் வாப்பாவைக் கடையில் கண்டு பேசினேன். மகள் வேலைக்குப் போவதை அவர் மறுக்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒருசேரக் கட்ட இயலாது என்பதே அவர் கவலை. அது பொய்யான கவலையும் அன்று. "யோசிப்போம் சார்" என்று மட்டும் சொல்லித் தேநீர் வாங்கித் தந்தார்.

ஓராண்டு இடைவெளிக்குப் பின் சான்றிதழ் நகல்களில் கையொப்பம் பெற அவள் துறைக்கு வந்தாள். உடன் வந்திருந்த தம்பி, ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பி.எட். விண்ணப்பக் கட்டணத்துக்கான பணம் அவன் சட்டைப்பையில் இருந்தது.