குட்டியானை கடலூர் போகும், சென்னை போகுமா?

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருப்பவருக்கு அலைச்சல் இரண்டு வகை. ப்யூஸ் கேரியர், கோப்பை, ஊறுகாய் ஜாடி, அகல் விளக்கு என்று ஏற்றிக்கொண்டு நெய்வேலி, சிதம்பரம், பண்ருட்டி, கடலூர் கடைகளுக்குப் போய் இறக்கிவிட்டு வருவது ஒன்று. சென்னைக்கோ சேலத்துக்கோ திருச்சிக்கோ போவது மற்றொன்று. அது சில நாள் சரக்கோடு, சில நாள் குடும்பத்தோடு. இரண்டுக்கும் மின் வண்டி சரிப்படுமா என்ற கேள்வி இப்போது தொழிற்பேட்டை டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது.

என் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊர் சரக்குக்குச் சரிப்படும். குடும்பத்தோடு நெடுந்தூரம் போவதற்கும், கொஞ்சம் திட்டமிட்டால், சரிப்படும். வண்டிக்குப் பின்னால் இன்னொன்றை மாட்டி இழுத்துக்கொண்டு நெடுந்தூரம் போவதற்கு இன்றைக்குச் சரிப்படாது. இனி, செய்ய வேண்டியதும் கூடாததும்.

செய்ய வேண்டியவை

யூனிட்டில் கணக்குப் போடுங்கள். விளம்பரத்தில் வரும் கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். பேட்டரியின் கொள்ளளவைக் கிலோவாட் மணியில் சொல்வார்கள். அது வேறொன்றுமில்லை, வீட்டு மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட்தான். டாடா நெக்ஸான் மின் காரின் பெரிய பேட்டரி 45 யூனிட். சான்றிதழ் சொல்வது 489 கி.மீ. ஏசி போட்டு, நாலு பேர் உட்கார்ந்து, நாற்கரச் சாலையில் 80, 90இல் போனால் யூனிட்டுக்கு 7 கி.மீ. கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 315. இந்த எண்ணை நம்பிப் புறப்படலாம், 489ஐ நம்பிப் புறப்படக் கூடாது.

குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டிக்கும் இதே கணக்குதான். டாடா ஏஸ் மின் வண்டி 2022 மே மாதம் வந்தது. 21.3 யூனிட் பேட்டரி, 600 கிலோ பாரம், சான்றிதழில் 154 கி.மீ. ஒரு டன் ஏற்றும் வண்டி 2024இல் வந்தது, அதற்கு 161 கி.மீ. பாரத்தோடு ஓடும்போது யூனிட்டுக்கு 5 கி.மீ. வைத்தால் முதல் வண்டிக்குக் கையில் நிற்பது நூற்றுச் சொச்சம். நெய்வேலிக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் போய்த் திரும்பக் கவலையே வேண்டாம், இரண்டும் 25 கி.மீ. அளவில்தான் இருக்கின்றன. சிதம்பரம் போய் வர 90 ஆகும், தாங்கும். கடலூர்தான் இடிக்கும். போக 60, வர 60.

அதனால், சரக்கு இறக்கும் இடத்தில் சார்ஜ் போடக் கேட்டு வாங்குங்கள். இதைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் ஏறும். கடலூர்க் கடையில் சரக்கை எண்ணி இறக்கி, பில் போட்டு, பழைய பாக்கி பேசி முடிக்க எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் 6 யூனிட், அதாவது 30 கி.மீ. ஏறிவிடும். அந்த 6 யூனிட்டுக்கான காசைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள், அடுத்த முறையும் பிளக் கிடைக்கும்.

டிரைவரின் காலைப் பழக்குங்கள். பீங்கானுக்கு மின் வண்டியால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. என்ஜின் அதிர்வு இல்லாததால் வைக்கோலுக்குள் அடுக்கிய சரக்கு நிற்கும்போதெல்லாம் நடுங்கிக்கொண்டே இருக்காது. ஆனால் மோட்டாரின் இழுவிசை மிதித்த கணமே முழுதாக வந்துவிடும். காலை எடுத்தாலோ வண்டி தானாகவே வேகம் குறைத்து அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பும். டீசல் வண்டியில் பழகிய கால் இரண்டையும் வெடுக்கென்று செய்யும். கோப்பை கைப்பிடி உடைவது அங்கேதான். முதல் ஒரு வாரம் உடைந்தாலும் பரவாயில்லை என்ற இரண்டாம் தரச் சரக்கை ஏற்றி அனுப்புவது நல்லது.

கார்த்திகைக்கு முன்பே மழையை நினையுங்கள். கொலு பொம்மை புரட்டாசியில் கிளம்பும், அகல் விளக்கு ஐப்பசி, கார்த்திகையில் கிளம்பும். அதாவது நமக்கு ஓட்டம் அதிகமான மாதங்கள்தான் கடலூர் மாவட்டத்தின் புயல் மாதங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது மாவட்டத்தில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது இங்கே யாருக்கும் மறந்திருக்காது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது விழுப்புரம் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஏறியது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே பேட்டரியை நிரப்பி வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். பட்டறைக்கு இருப்பது ஒரே வண்டி என்றால், அது மின் வண்டியாக இருப்பதைப் பற்றி இன்னொரு முறை யோசியுங்கள்.

சென்னை போகும்போது வீட்டிலேயே நூறு சதவீதம் ஏற்றிக்கொள்ளுங்கள். இங்கிருந்து சென்னை ஏறத்தாழ 220 கி.மீ. மேலே சொன்ன காருக்கு 31, 32 யூனிட் ஆகும். 45இல் அது போனால் மிச்சம் 13. தாம்பரம் நெரிசலில் ஊர்ந்தாலும் அது தாங்கும். என்றாலும் விழுப்புரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே சாப்பிட நிற்கிற இடத்தில் அரை மணி விரைவு சார்ஜ் போட்டுக்கொள்வது மனசுக்கு நல்லது. நீங்கள் நம்பிப் போகும் சார்ஜர் வேலை செய்கிறதா என்று புறப்படும் முன் செயலியில் பாருங்கள். நேற்று யாராவது அங்கே சார்ஜ் போட்டதாகப் பதிவு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். அடுத்த சார்ஜர் எங்கே என்பதையும் குறித்து வைத்திருங்கள்.

தனியாகப் போகிறவர்கள் வைகை ரயிலிலோ பல்லவன் ரயிலிலோ ஏறிவிடுங்கள். இரண்டும் நம் ஜங்ஷனில் நிற்கும். எந்தக் காரும் அந்தச் செலவுக்கு ஈடுகொடுக்காது.

மலை ஏறுவதாக இருந்தால் உயரத்தையும் யூனிட்டாக்கிப் பாருங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு 1,200 மீட்டருக்குச் சற்று அதிகமான ஏற்றம். இரண்டு டன் வண்டியை அவ்வளவு உயரம் தூக்கவே ஏறத்தாழ 7 யூனிட் போகும். சாலையில் உருளச் செலவாவது அதற்கு மேல். இறங்கும்போது ஒரு பங்கு திரும்பிவரும். ஆகவே சேலத்தில் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். ஆனால் மேலே போய் முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்க வேண்டாம். நிரம்பிய பேட்டரிக்கு இறக்கத்தில் திரும்பிவரும் ஆற்றலை வாங்கிக்கொள்ள இடமிருக்காது, பாரமெல்லாம் சாதா பிரேக் மேல் விழும்.

செய்யக்கூடாதவை

சூளைச் சுவரை ஒட்டி சார்ஜ் போடாதீர்கள். பேட்டரிக்குச் சூடு பகை. மே மாத வெயிலே போதும், சூளையின் அனலும் சேர வேண்டாம். பேக்கிங்குக்குக் குவித்த வைக்கோலுக்கும் சார்ஜருக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். தனி வயர், தனி எர்த், தனி எம்.சி.பி. ஊருக்கெல்லாம் ப்யூஸ் செய்து அனுப்புகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பட்டறை இணைப்பில் வண்டிக்கு சார்ஜ் போடலாமா, எந்தக் கட்டண விகிதம் என்பதை மட்டும் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காருக்குப் பின்னால் கொக்கி வைத்து டிரெய்லர் மாட்டாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் கார்களுக்குப் பின்னால் கேரவன் என்கிற சக்கர வீட்டை மாட்டிக்கொண்டு விடுமுறைக்குப் போவார்கள். அங்கே விற்கும் மின் கார்களுக்கு எவ்வளவு இழுக்கலாம் என்று நிறுவனமே எழுதிக் கொடுக்கிறது. டெஸ்லா மாடல் ஒய் 1,600 கிலோ, மாடல் எக்ஸ் 2,250 கிலோ. இழுக்கத் தடையில்லை, மோட்டாருக்கு வலு உண்டு. பேட்டரிதான் தாங்குவதில்லை. கேரவன் மாட்டியதும் போகும் தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. பாரம் அதற்கு ஒரு காரணம், பெரிய காரணம் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அகலமான பெட்டி ஒன்று பின்னால் நிமிர்ந்து நின்றால் அந்தத் தடை இன்னும் கூடும். அதற்கு மேல் இன்னொரு தொல்லை. பெரும்பாலான சார்ஜர்கள் கார் மட்டும் மூக்கை நுழைத்து நிற்கும்படி கட்டப்பட்டவை. கேரவனைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, சார்ஜ் போட்டு, மறுபடி மாட்ட வேண்டும். 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின் காராக இருந்த நார்வேயிலும் இந்தக் கழற்றி மாட்டல் தீர்ந்துவிடவில்லை.

நம் பக்கம் இழுக்கும் கேரவன் பரவலாக இல்லை. 2021இல் கேரளம் கேரவன் சுற்றுலாத் திட்டம் கொண்டுவந்தபோதும் முன்வைத்தது தானே ஓடும் வண்டிகளைத்தான். நமக்கு ஆசை வருவது சரக்கு டிரெய்லர் மேல். 'கார்தான் இருக்கிறதே, பின்னால் ஒரு பெட்டி மாட்டினால் அரை டன் விளக்கு போகுமே' என்று தோன்றும். உங்கள் காரின் கையேட்டில் இழுவைத் திறன் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். வெல்டிங் கடையில் வைத்த கொக்கியால் உத்தரவாதமும் காப்பீடும் சிக்கலாகும். மோட்டார் வாகனச் சட்டம் 61ஆம் பிரிவின்படி டிரெய்லருக்கும் பதிவு வேண்டும், எண் வேண்டும். இவ்வளவும் செய்து முடித்தாலும், யூனிட்டுக்கு 7 கி.மீ. தந்த கார் மூன்றரைக்கு இறங்கும். சென்னைக்கு 60 யூனிட்டுக்கு மேல் ஆகும். பேட்டரி 45. வழியில் ஒரு முறையாவது நிற்க வேண்டியிருக்கும், டிரெய்லரைக் கழற்றி மாட்டிக்கொண்டு.

மின்சாரத்தால் பாரம் இழுக்கவே முடியாது என்றும் சொல்லாதீர்கள். சென்னை முருகப்பா குழுமத்தின் மோன்ட்ரா நிறுவனம் 55 டன் வகை மின் டிராக்டர் லாரி செய்கிறது. அதன் பேட்டரி 282 யூனிட், போகும் தூரம் சுமார் 200 கி.மீ. துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் நடுவே தினமும் ஒரே தடத்தில் ஓடும் வேலைக்கு அது பொருந்தும். பாரம் இழுக்க எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும் என்பதற்கு இதுவே அளவு. அந்த 282ஐயும் நம் குட்டியானையின் 21ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நின்றுபோன மின் வண்டியைக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழலும், மின்சாரம் பிறக்கும், உள்ளே கெடும். பிளாட்பெட் எனப்படும் தட்டு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். தட்டு வண்டிக்காரரின் எண்ணை வாங்கி டிரைவர் போனில் போட்டு வையுங்கள்.

தேங்கிய தண்ணீரில் தைரியம் காட்டாதீர்கள். பேட்டரிக்கு ஐபி67 தரம் என்பார்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே புகாது என்பது சோதனைக்கூட அளவு. மணிமுத்தாறு கரை ஏறினால் தண்ணீர் அந்த அளவு பார்த்து வராது.

பொங்கல் முடிந்து ஊர் திரும்பும் ஞாயிறு மாலையில், பத்து சதவீதம் சார்ஜோடு விக்கிரவாண்டியைத் தாண்டாதீர்கள். சார்ஜர் இருக்கும், உங்களுக்கு முன்னால் நாலு கார் நிற்கும். ஒரு நாள் முன்னதாகவோ விடியற்காலையிலோ கிளம்பிவிடுங்கள்.

வரிச்சலுகையை வாய்வார்த்தையாக நம்பாதீர்கள். மின் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரில் அறிவித்தது. சாலை வரி விலக்கோ காலக்கெடு வைத்து நீட்டிக்கப்படும் சலுகை. முன்பணம் கொடுப்பதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அன்றைய நிலவரத்தைக் கேளுங்கள்.

புகை இல்லை என்பதால் கரியே இல்லை என்று பெருமை பேசாதீர்கள். நம் வண்டியில் ஏறும் மின்சாரத்தில் பக்கத்து நெய்வேலி நிலக்கரிக்கும் பங்குண்டு. ஆனாலும் ஓடும் செலவு குறைவு, தெருவில் புகை இல்லை. வாங்க அந்த இரண்டு காரணமும் போதும்.

கடைசியாக ஒன்று: சார்ஜர் வரட்டும், பிறகு வண்டி வாங்கலாம் என்று ஆளுக்கொரு பக்கம் காத்திருக்காதீர்கள். வண்டி இல்லாத ஊரில் சார்ஜர் வைக்க யாரும் வரமாட்டார்கள். பொது சார்ஜர்களுக்கென்றே மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். தொழிற்பேட்டைப் பட்டறைக்காரர்கள் ஒன்றுகூடி, யார் யார் எத்தனை வண்டி வாங்குவோம் என்று எழுதிக் கையெழுத்திட்டு, பேட்டை வாசலில் ஒரு விரைவு சார்ஜர் கேட்டு மாவட்டத் தொழில் மையத்தில் மனு கொடுங்கள். அடுத்த கார்த்திகைச் சரக்கு கிளம்புவதற்குள் கொடுங்கள்.