கரி எங்கோ, கரண்ட் எங்கோ

அன்புள்ள கயல்,

புவியியல் பாடத்துக்காக நீ வரைந்த இந்திய வரைபடம் வந்து சேர்ந்தது. நிலக்கரிக்குக் கறுப்பு, நீர்மின்சாரத்துக்கு நீலம், காற்றாலைக்குப் பச்சை. கோடுகள் நேர்த்தியாகத்தான் இருக்கின்றன. ஆனால் அடியில், “வளம் மிகுந்த மாநிலங்களில் வீடுகளுக்கு எரிசக்தி எளிதாகக் கிடைக்கிறது” என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை அடித்துவிடு. நம் நாட்டில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

தூத்துக்குடியையே எடுத்துக்கொள். அங்குள்ள அனல்மின் நிலையத்துக்கு ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து கரி வருகிறது. சுரங்கத்திலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் தெற்கே. உன் அம்மா சட்னி அரைக்கும் மிக்ஸிக்குள் ஒடிசாவின் மண்ணும் கொஞ்சம் சுழல்கிறது. சரி, அந்த ஒடிசாக்காரர்கள் எதில் சமைக்கிறார்கள்? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, கேஸ், மின்சாரம், சாண எரிவாயு ஆகியவற்றைச் சுத்தமான சமையல் எரிபொருள் என்று வைத்துக் கணக்குப் போட்டது. அதன்படி ஒடிசாவில் 34.7 சதவீத வீடுகளில்தான் அவற்றில் சமையல் நடந்தது. சத்தீஸ்கரில் 33, ஜார்க்கண்டில் 31.9. மூன்றுமே உன் வரைபடத்தில் கன்னங்கரேலென்று இருக்கும் மாநிலங்கள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைத் தவிர சொந்தக் கரி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத தமிழ்நாட்டில் 82.9.

ஜார்க்கண்டில் கரி வீட்டுக்கு வந்து சேரும் விதத்தைச் சொல்கிறேன். சுரங்க ஓரங்களில் பொறுக்கிய கரியைத் திறந்தவெளியில் குவித்துப் பாதி எரிய விடுவார்கள். புகையெல்லாம் போனபிறகு மூட்டை கட்டி சைக்கிளில் ஏற்றுவார்கள். ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல். உட்கார்ந்து மிதிக்க முடியாது. ராஞ்சிக்கு ஏறும் மலைச்சாலையில் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி தள்ளிக்கொண்டே நடக்க வேண்டியதுதான். வழியில் போலீஸ் மறித்தால் அவர்கள் கையிலும் ஏதாவது வைக்க வேண்டும், ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அது திருட்டுக் கரி. 1970களின் தொடக்கத்தில் சுரங்கங்கள் அரசுடைமை ஆகிவிட்டன. வெட்டும் கரி மின் நிலையத்துக்கும் உருக்காலைக்கும் போகிறது. மண்ணுக்கு மேலே குடியிருப்பவனுக்கு அதில் பங்கு என்று ஒன்றும் எழுதிவைக்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஜார்க்கண்டில் மின்விளக்கு எரிந்த வீடுகள் 45.8 சதவீதம். அங்கிருந்து புறப்பட்ட கரியால் நாட்டின் எத்தனையோ நகரங்கள் ஜொலித்துக்கொண்டிருந்த காலம் அது.

வளம் இருந்தால் போதாது என்றால் வேறு என்ன வேண்டும்? கம்பம் நட ஒரு வாரியம், கம்பி இழுக்க ஒரு காரணம், இழுத்தபின் பில் கட்டக்கூடிய ஆட்கள். தமிழ்நாட்டில் அந்தக் காரணமாக அமைந்தது பம்ப்செட். நம் கிணறுகள் ஆழம். மாடு பூட்டிக் கவலை இறைத்துக் கட்டுப்படியாகாது. விவசாயி மோட்டார் கேட்டான், அரசியல்வாதிக்கு அவன் ஓட்டு தேவைப்பட்டது, கம்பி வயலுக்குப் போனது. வயலுக்குப் போன கம்பியிலிருந்து வீட்டுக்கு ஒரு கிளை இழுப்பது பெரிய காரியமில்லை. பீகாரில் கங்கைச் சமவெளியின் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் கிடைக்கிறது. டீசல் எஞ்சினை வைத்து ஓட்டிவிட்டார்கள், கம்பி கேட்கும் குரலும் அவ்வளவு பலமாக எழவில்லை. ஏழ்மையும் நிர்வாகக் கோளாறும் பெரிய காரணங்கள்தான். ஆனால் தண்ணீரின் ஆழம் மின்கம்பியின் நீளத்தைத் தீர்மானித்த கதையை உன் பாடப்புத்தகம் சொல்லாது என்பதால் சொல்லிவைக்கிறேன்.

அதே 2011 கணக்கெடுப்பில் பீகாரில் மின்விளக்கு எரிந்த வீடுகள் 16.4 சதவீதம், 82.4 சதவீத வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு. தமிழ்நாட்டில் மின்விளக்கு எரிந்த வீடுகள் 93.4. ஒரே நாட்டுக்குள் இப்படியொரு வித்தியாசம். ஆனால் 2019-21இல் பீகார் மக்களில் சுமார் 96 சதவீதம் பேர் மின் இணைப்புள்ள வீடுகளில் இருந்தார்கள். வீடுகளுக்கு மின் இணைப்பு கொடுக்க 2017இல் தொடங்கிய சௌபாக்யா திட்டத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. பாராட்ட வேண்டிய வேலைதான், குறை சொல்வதற்காகக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அரசாங்கக் கணக்கைப் படிக்கும்போது எதை எண்ணியிருக்கிறார்கள் என்று பார்க்கக் கற்றுக்கொள். 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லைசாங் கிராமத்துக்கு மின்சாரம் போனதும், நாட்டின் எல்லாக் கிராமங்களும் மின்வசதி பெற்றுவிட்டதாக அறிவித்தார்கள். அன்றைய விதிப்படி ஓர் ஊரின் பொது இடங்களிலும் பத்தில் ஒரு வீட்டிலும் விளக்கு எரிந்தால் அது மின்வசதி பெற்ற கிராமம்!

கேஸ் கதையும் இதேதான். 2016 மே மாதம் உத்தரப்பிரதேசத்தின் பல்லியாவில், ஏழை வீடுகளுக்குக் கேஸ் இணைப்பு கொடுக்கும் உஜ்வலா திட்டம் தொடங்கியது. 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் கொடுத்தாயிற்று. 2019-20இல் அந்த வீடுகள் வாங்கிய சிலிண்டர் சராசரியாக ஆண்டுக்கு மூன்று. 14.2 கிலோ சிலிண்டர் மூன்றை வைத்துக்கொண்டு ஐந்து பேர் குடும்பத்துக்கு வருஷம் முழுக்கச் சமைத்துப்பார், தெரியும். மாமியார் வந்தால் டீ போடவும், மழையில் விறகு நனைந்தால் சமாளிக்கவும் கேஸ். மற்ற நாளெல்லாம் விறகும் வரட்டியும். சிலிண்டருக்கு ரொக்கம் வேண்டும், கொட்டிலில் மாடு இருந்தால் வரட்டி சும்மா வருகிறது. சும்மா என்றா சொன்னேன்? சாணி அள்ளி, வைக்கோல் கலந்து, தட்டி, காயவைத்து, மழைக்கு முன் அடுக்கிவைப்பவளுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை என்று பொருள். புகையைக் குடிப்பவளும் அவள்தான்.

இனி உன் வரைபடத்துக்குக் கட்டுப்படாத இரண்டு மாநிலங்கள். இமாச்சலத்தில் 2011லேயே 96.8 சதவீத வீடுகளில் மின்விளக்கு. ஆறுகள் நிறைய, அணைகள் நிறைய. ஆனால் 2019-21இல்கூடச் சமையலுக்குச் சுத்தமான எரிபொருள் 51.7 சதவீத வீடுகளில்தான். பனிக்காலத்தில் அடுப்பு சமைக்க மட்டுமா, குளிர்காயவும் வேண்டும். விறகு இரண்டு வேலையும் செய்கிறது, கேஸ் ஒன்றைத்தான் செய்கிறது. சென்னையில் உட்கார்ந்து திட்டம் போடுபவருக்கு இது தோன்றவே தோன்றாது.

இன்னொன்று கேரளம். படிப்பும் பணமும் உள்ள மாநிலம், ஆனால் சுத்தமான எரிபொருளில் சமைத்த வீடுகள் 72.1 சதவீதம், தமிழ்நாட்டை விடக் குறைவு. வீட்டுத் தோப்பிலேயே தென்னை மட்டையும் சிரட்டையும் விழுந்து கிடப்பதால், கேஸ் இருந்தாலும் புழுக்கலரிசி வேகவைக்க விறகடுப்பை மூட்டுகிறார்கள் என்பது என் கணிப்பு. கணிப்புதான், அப்படியே எழுதிவிடாதே.

குடும்ப நலக் கணக்கெடுப்பில் மாவட்ட வாரியான தாள்களும் உண்டு. “சுத்தமான சமையல் எரிபொருள் பயன்படுத்தும் வீடுகள்” என்ற வரியை எடுத்து, கறுப்பு நிறத்தின் மேல் இன்னொரு நிறமாகத் தீட்டு. முதலில் ஜார்க்கண்டின் தன்பாத் மாவட்டம், பிறகு கேரளத்தில் ஏதாவது இரண்டு மாவட்டம். கேரளத்துக்கு நீ என்ன காரணம் கண்டுபிடிக்கிறாய் என்று எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா