உங்க கூட்டத்துக்குப் பேர் என்ன?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிகளிலிருந்து நம் பிள்ளைகள் காரைக்குடி, மதுரை, சென்னை என்று படிக்கப் போகிறார்கள். ஹாஸ்டலில் முதல் வருஷம் தனிமை. அந்நேரம் ஒருவர் சிரித்த முகமாய் வந்து, "தம்பி, சும்மா ஒரு பைபிள் ஸ்டடி, வர்றீங்களா?" என்றால் யாருக்குத்தான் மனசு இளகாது?

வெளியாள் என்பதற்காகவே ஒருவரைத் தள்ளிவிடக்கூடாது. எபேசுவில் பவுலும் வெளியூர்க்காரர்தான். திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு வருஷம் போதித்தார் (அப்போஸ்தலர் 19:9,10). ஆனால் ஊரறியப் போதித்தார். தாம் அந்தரங்கத்தில் எதையும் பேசவில்லை என்று இயேசுவும் பிரதான ஆசாரியனிடம் தைரியமாய்ச் சொன்னார் (யோவான் 18:20). நம் அளவுகோல் இதுதான்.

தென்கொரியாவில் 1984-ல் லீ மான்-ஹீ தொடங்கிய சின்சொஞ்சி இயக்கத்தைப் பாருங்கள். உவமைகளை வைத்து மாதக்கணக்கில் பாடம் நடக்கும். நடத்துவது யார் என்று தொடக்கத்தில் சொல்லாமலே பலரைச் சேர்த்தார்கள். 2020 பிப்ரவரியில் தேகு பட்டணத்தில் அவர்களிடையே கொரோனா பரவியது. வீட்டாருக்கே தெரியாமல் உறுப்பினராய் இருந்தவர்கள் உண்டு. தொற்று யார் யாருக்கு என்று தேடுவது கஷ்டமாயிற்று. ரகசியம் எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்!

அதே நாட்டில் 1964-ல் ஆன் சாங்-ஹோங் தொடங்கிய சபையார், "தாயாகிய தேவன்" உண்டென்று கலாத்தியர் 4:26-ஐக் காட்டுவார்கள். அமெரிக்கக் கல்லூரி வளாகங்களிலும் மாணவர்களை அணுகினார்கள். தேவபிள்ளையே, 22-ம் வசனத்திலிருந்து வாசி. ஆகார், சாராள், இரண்டு உடன்படிக்கைகள். மேலான எருசலேமைத்தான் தாய் என்கிறார் பவுல். உபதேசம் தவறு, சரி. ஆனால் இவர்கள் பெண்பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்று 2018-ல் அங்கே வதந்தி பரவியபோது, வளாகப் போலீசார் விசாரித்து ஆதாரமில்லை என்றார்கள். வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் அனுப்பும் விசுவாசிகள் இதைக் கவனிக்கவும்.

அப்படியானால் பிள்ளை என்ன கேட்க வேண்டும்? "அண்ணே, உங்க சபைக்குப் பேர் என்ன? தலைவர் யாரு? பிரின்சிபால்கிட்ட பெர்மிஷன் வாங்கியாச்சா? எங்க பாஸ்டரையும் கூட்டிட்டு வரலாமா?" நேர்மையான ஊழியர் முகம் சுளிக்கமாட்டார், பெரோயா ஊரார் பவுலையே வேதத்தோடு ஒத்துப்பார்த்தார்களே (அப்போஸ்தலர் 17:11). "அதெல்லாம் அப்புறம், வீட்ல சொல்ல வேண்டாம்" என்றால், போன் நம்பர்கூடக் கொடுக்காமல் வந்துவிடு.

நம் வாலிபர் ஊழியத்துக்கும் இதே சட்டம்தான். சுவிசேஷக் கூட்டத்துக்கு "ஆளுமைப் பயிற்சி" என்று பேர்வைத்து ஆள் சேர்ப்பதும் பொய்யே. நோட்டீஸில் சபையின் பேர் பெரிசாய் இருக்கட்டும்.

பெற்றோரே, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் தகப்பனும் வீட்டில், லீவுக்கு வந்த பிள்ளையும் வீட்டில். அப்போது பேசுங்கள், ஸ்டேஷன் விசாரணைபோல் அல்ல. "இப்படி ஒரு கூட்டத்துக்குப் போறேம்ப்பா" என்று சொன்னால் கத்த வேண்டாம். அவன் குறிப்பெழுதிய நோட்டையும் வேதத்தையும் எடுத்துவரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து முதல் பாடத்திலிருந்து வாசியுங்கள்.