பிரேக் பிடித்தால் வண்டி அதிருதா? கோளாறு எங்கே என்று நாமே பார்ப்போம்



நம் குழுக்களில் பலர் ஸ்கூட்டர் ஓட்டுகிறோம். 2018-இல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் மானியம் பெற்று வாங்கியவர்கள் உண்டு. குழுக் கடனில் வாங்கியவர்களும் உண்டு. அந்த வண்டிகளுக்கு இப்போது வயசாகிறது. "பிரேக் பிடிச்சா தடதடன்னு அதிருது, ஷூ மாத்தியும் போகலை" என்று பலரும் சொல்கிறார்கள். எந்தச் சக்கரம், எப்போது அதிர்கிறது என்று நமக்குச் சொல்லத் தெரிந்தால் வீண் செலவு குறையும். உயிருக்கும் பாதுகாப்பு.

முதலில் நிறுத்தி வைத்துப் பாருங்கள்

இன்ஜினை அணைத்து சென்டர் ஸ்டாண்டு போடுங்கள்.

1. டயரில் காற்று சரியாக இருக்கிறதா? வீக்கம், வெடிப்பு உண்டா? ரிம் நெளிந்திருக்கிறதா?

2. சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கலாம், நட்டு லூசாக இருக்கலாம்.

3. ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஹேண்டில்பார் பக்கம் 'டக் டக்' என்றால் கோன் செட்டைப் பார்க்க வேண்டும்.

இதில் ஒன்று இருந்தாலும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

பிறகு ஓட்டிப் பாருங்கள்

ஹெல்மெட் போட்டு, பின்னால் யாரையும் ஏற்றாமல், ஆள் நடமாட்டம் இல்லாத சமமான ரோட்டில் 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் பாருங்கள். பிரேக்கே சரியாகப் பிடிக்கவில்லை என்றால் இந்தச் சோதனையே வேண்டாம்.

• பிரேக் பிடிக்காமலே அதிர்ந்தால், டயர், ரிம், பேரிங் இவற்றில் கோளாறு இருக்கலாம்.

• வலது கை பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடித்து, ஹேண்டில்பார் நடுங்கினால் முன் பிரேக்.

• வலதில் அதிராமல், இடதில் மட்டும் சீட்டுக்கு அடியில் அதிர்ந்தால் பின் பிரேக். பல வண்டிகளில் இடது பிரேக் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். அதனால் வலதை முதலில் பாருங்கள்.

• மழையில் நனைந்த பிறகு, வண்டி கழுவிய பிறகு மட்டும் இரண்டொரு தடவை வெடுக்கென்று பிடித்து சரியாகிவிட்டால் ஈரம்தான் காரணம்.

ஷூ மாற்றியும் ஏன் போகவில்லை?

பிரேக் ஷூ உள்ளே உரசுகிற வட்டமான பாகம் டிரம். அந்த வட்டம் கோணலாகிவிட்டால், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஓரிடத்தில் இறுக்கும், ஓரிடத்தில் விடும். அதுதான் அதிர்வு. நெளிந்த பாத்திரத்துக்குப் புது மூடி போட்டாலும் ஆடத்தானே செய்யும்? டிஸ்க் பிரேக்கிலும் அப்படித்தான். தகடு ஒரே சீராக இல்லாவிட்டால், பேட் மட்டும் மாற்றிப் பயனில்லை.

டிரம்மை லேத்தில் கடைசல் பிடிக்கலாம். ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் மாற்றத்தான் வேண்டும். பின் சக்கரத்தில் ஆயில் சீல் கசிந்து ஷூவில் எண்ணெய் பட்டாலும் பிரேக் ஒழுங்காகப் பிடிக்காது. அப்போது சீல், ஷூ இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

சத்தம் போக பிரேக்கில் எண்ணெய், கிரீஸ் போடாதீர்கள், பிரேக் பிடிக்காமல் போய்விடும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடையுங்கள்.

பட்டறையில் இப்படிச் சொல்லுங்கள்

"அண்ணே, வலது பிரேக் பிடிச்சா ஹேண்டில்பார் ஆடுது. பிரேக் பிடிக்கலைன்னா ஆடலை. ஷூ மாத்துறதுக்கு முன்னாடி டிரம்மைப் பாருங்க." கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பில்லையும் வாங்கி வையுங்கள்.

குழுவில் பேசுவோம்

• நம் குழுவில் எத்தனை வண்டி? கடைசியாக பிரேக் பார்த்தது எப்போது?

• அடுத்த கூட்டத்தன்று எல்லா வண்டியையும் வரிசையாக நிறுத்தி, மேலே சொன்ன மூன்று சோதனையும் செய்வோமா?