சென்னை மழைநீர் வடிகால்: முக்கியக் குறிப்புகள்

வரையறைகள்

• மழைநீர் வடிகால்: தரையில் வழிந்தோடும் மழைநீரை மட்டும் கொண்டுசெல்லும் அமைப்பு
• பாதாளச் சாக்கடை: வீட்டுக் கழிவுநீரைக் கொண்டுசெல்வது
• தனிப்பிரிவு முறை: இரண்டுக்கும் வெவ்வேறு குழாய். சென்னையில் உள்ளது இது
• கூட்டு முறை: இரண்டும் ஒரே குழாயில்
• மழைநீர் வடிகாலில் கழிவுநீர் இணைப்பு: சட்டவிரோதம். கூவம், அடையாறு மாசுக்கு முக்கியக் காரணம்
• நீர்பிடிப்புப் பகுதி: ஒரு வடிகாலுக்கு நீரைத் தரும் மொத்த நிலப்பரப்பு
• வெளியேறு வாய்: வடிகால் முடிந்து கால்வாய், ஆறு அல்லது ஏரியில் விழும் இடம். வடிகால் திட்டத்தின் முதல் கேள்வி இதுவே. விழும் இடத்தில் நீர்மட்டம் உயர்ந்தால் நீர் பின்னோக்கி ஏறித் தெருவுக்கே வரும். வடிகால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் பயன் இல்லை
• மீள்வருகைக் காலம்: '5 ஆண்டு மழை' என்றால் எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவை எட்டவோ மீறவோ உள்ள வாய்ப்பு 20%. 5 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்பது தவறு. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வரலாம்

பொறுப்பு அமைப்புகள் (அடிக்கடி மாறிப்போகும் பகுதி)

• சென்னை மாநகராட்சி: தொடக்கம் 1688 செப்டம்பர் 29. இந்தியாவின் முதல் மாநகராட்சி. 2011 விரிவாக்கத்திற்குப் பின் 426 ச.கி.மீ., 15 மண்டலங்கள், 200 வார்டுகள். தெரு மழைநீர் வடிகால் இதன் பொறுப்பு
• சென்னைக் குடிநீர் வாரியம்: 1978. குடிநீர், கழிவுநீர் மட்டும்
• நீர்வளத் துறை: ஆறுகள், பெரிய ஏரிகள், முகத்துவாரங்கள்
• நெடுஞ்சாலைத் துறை: தன் சாலைகளை ஒட்டிய வடிகால்கள்
• சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்: நிலப் பயன்பாடு, கட்டட அனுமதி. இரண்டாவது முழுமைத் திட்டம் 2008
• அரசியலமைப்பு 74ஆவது திருத்தம்: 1992, நடைமுறை 1993 ஜூன் 1. பிரிவு 243டபிள்யூ. 12ஆவது அட்டவணையில் 18 பணிகள்
• அந்த 18 பணிகளில் 'மழைநீர் வடிகால்' என்று தனித் தலைப்பு இல்லை. பெரும் குறை
• ஒரே மழைத்துளி தெருவில் மாநகராட்சிக்கும், ஆற்றில் நீர்வளத் துறைக்கும் உரியது. தூர்வாரும் காலம் ஒத்துப்போகாவிட்டால் ஒரு துறையின் வேலை இன்னொரு துறையின் வாசலில் நிற்கும்

மழை அளவுகள் (இந்திய வானிலை ஆய்வுத் துறை, 24 மணி நேரம்)

• மழைநாள்: 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல்
• கனமழை: 64.5 – 115.5 மி.மீ.
• மிக கனமழை: 115.6 – 204.4 மி.மீ.
• அதி கனமழை: 204.5 மி.மீ. முதல்
• சென்னை ஆண்டுச் சராசரி: சுமார் 1,400 மி.மீ. பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில் (அக்டோபர் – டிசம்பர்)
• நகரின் சராசரி உயரம்: கடல்மட்டத்திலிருந்து சுமார் 6.7 மீட்டர். தட்டையான நிலம், சரிவு மிகக் குறைவு

அலகு மாற்றம்

• 1 ச.மீ. பரப்பில் 1 மி.மீ. மழை = 1 லிட்டர்
• 1 ஹெக்டேரில் 1 செ.மீ. மழை = 1 லட்சம் லிட்டர்
• 1 கன அடி = 28.317 லிட்டர்
• 1 டி.எம்.சி. = 100 கோடி கன அடி = 1,000 மில்லியன் கன அடி
• 426 ச.கி.மீ. முழுவதும் 10 செ.மீ. மழை = சுமார் 1.5 டி.எம்.சி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவில் 40 சதவீதத்திற்குச் சற்று மேல்

சூத்திரங்கள்

• பகுத்தறி முறை: Q = CiA ÷ 360. Q கன மீட்டர்/வினாடி. i மழைச் செறிவு மி.மீ./மணி; A ஹெக்டேர்; C வழிந்தோடல் கெழு
• C மதிப்பு: தார், கான்கிரீட் 0.70 – 0.95; புல்வெளி 0.05 – 0.35
• கணக்கு: 1 ஹெக்டேர், மணிக்கு 50 மி.மீ. மழை. C = 0.8 எனில் வினாடிக்கு 111 லிட்டர்; C = 0.2 எனில் 28 லிட்டர். மழை ஒன்றே, வடிகாலுக்கு வரும் நீர் நான்கு மடங்கு. மண் தரையில் சிமென்ட் போடுவதன் விலை இந்த ஒரு கணக்கில் முழுதும் உள்ளது
• திரள் நேரம்: நீர்பிடிப்பின் கடைக்கோடித் துளி வெளியேறு வாயை அடையும் நேரம் = தரையில் ஓடி வடிகாலை எட்டும் நேரம் + வடிகாலுக்குள் ஓடும் நேரம்
• மானிங் சூத்திரம்: ராபர்ட் மானிங், அயர்லாந்துப் பொறியாளர், 1889. திசைவேகம் சரிவின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதம். சரிவு கால் பங்கானால் வேகம் பாதி. தட்டை நகரமான சென்னைக்கு மிகவும் பொருந்தும்
• வண்டல் தங்காதிருக்கக் குறைந்தபட்ச வேகம்: பொதுவாக வினாடிக்கு 0.6 மீட்டர்

வண்டல் வடிகட்டித் தொட்டி

• இடம்: சாலை ஓரம், வடிகாலுக்கு முன். மேலே இரும்புக் கம்பி மூடி
• அமைப்பு: தொட்டியின் அடி, வடிகாலுக்குப் போகும் குழாயைவிடத் தாழ்வு. மண்ணும் கல்லும் அடியில் தங்கும். மேல்நீர் மட்டும் குழாய்க்குள் போகும்
• தொட்டி நிறைந்தால் மண் நேரே வடிகாலுக்குள் போகும். தொட்டியை அள்ளுவது ஒரு மணி நேர வேலை. வடிகாலை அள்ள நாள்கணக்கு ஆகும்
• வழக்கமான அடைப்பு: இலைச்சருகு, பால் பாக்கெட், தேநீர்க் கோப்பை, கட்டட மணல்
• பழைய தாரைச் சுரண்டாமல் சாலை போட்டால் சாலை மட்டம் ஏறும். நீர் தொட்டியை விட்டு வீட்டு வாசலுக்குப் போகும்
• மனிதக் கழிவகற்றும் பணித் தடை, மறுவாழ்வுச் சட்டம்: 2013. கழிவுநீர் கலந்த வடிகாலுக்குள் ஆளை இறக்குவதற்கு எந்த அவசரமும் நியாயம் ஆகாது

நான்கு வடிநிலங்கள்

• வடக்கு: கொசஸ்தலையாறு, சுமார் 136 கி.மீ.; எண்ணூரில் கடல் சேர்க்கை. பூண்டி நீர்த்தேக்கம் இதன் மீது (1944, சத்தியமூர்த்தி சாகர்)
• நடு: கூவம், சுமார் 72 கி.மீ.; நேப்பியர் பாலம் அருகே கடல் சேர்க்கை
• தெற்கு: அடையாறு, சுமார் 42 கி.மீ. செம்பரம்பாக்கம் உபரிநீர் சேரும் ஆறு
• தென்கோடி: கோவளம் வடிநிலம்
• குறுக்கே: பக்கிங்காம் கால்வாய். தொடக்கம் 1806, முதற்பெயர் கொக்ரேன் கால்வாய். 1877–78 பஞ்ச நிவாரண வேலையாக அடையாறு – கூவம் இணைப்பு, சுமார் 8 கி.மீ. பெயர்க் காரணம் சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபு (1875–80). மொத்த நீளம் 796 கி.மீ.
• பறக்கும் ரயில்: கடற்கரை – சேப்பாக்கம் 1995, வேளச்சேரி வரை 2007. தூண்களும் நிலையங்களும் கால்வாய்க்குள். கால்வாயின் அகலம் சுருங்கியது

கால்வாய்–சேரிடம்

• ஓட்டேரி நல்லா: பக்கிங்காம் கால்வாய்
• கேப்டன் காட்டன் கால்வாய்: பக்கிங்காம் கால்வாய்
• விருகம்பாக்கம் – அரும்பாக்கம் கால்வாய்: கூவம்
• மாம்பலம் கால்வாய்: அடையாறு
• வீராங்கல் ஓடை: பள்ளிக்கரணை சதுப்புநிலம்

முகத்துவார மணல் திட்டு

• காரணம்: கரையோர மணல் நகர்வு, ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி
• துறைமுகம் (1881) மணலை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது; வடக்கே ராயபுரம் கரை அரித்தது
• கூவத்தின் வாய் மணலால் மூடிக்கொள்வதும் இதன் தொடர்ச்சியே
• மழையும் உயர் ஓதமும் ஒரே நேரம் வந்தால் வடிதல் தாமதம்

வெள்ளங்களும் அறிக்கைகளும்

• 2005 ஜூலை 26: மும்பை சாந்தாகுரூசில் 944 மி.மீ. விளைவு: தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் நகர்ப்புற வெள்ள வழிகாட்டுதல்கள், 2010. நகர்ப்புற வெள்ளம் தனிப் பேரிடராக ஏற்பு
• 2015 நவம்பர்: சென்னையில் 1,049 மி.மீ.; 1918 நவம்பருக்கு (1,088 மி.மீ.) அடுத்த பெரும் அளவு
• 2015 டிசம்பர் 1–2: தாம்பரம் 49 செ.மீ. செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி திறப்பு. இந்த அளவு ஒரு நாள் முழுதும் ஓடினால் 2.5 டி.எம்.சி.
• இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, 2018இல் சட்டப்பேரவையில் தாக்கல்: 2015 வெள்ளம் மனிதரால் நேர்ந்த பேரிடர்
• 2021 நவம்பர் வெள்ளம்: திருப்புகழ் குழு. இறுதி அறிக்கை 2023 மார்ச்
• 2023 டிசம்பர்: மிக்ஜாம் புயல். கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் மூழ்கியது சென்னை

திட்டங்கள்–நிதி

• அடையாறு, கூவம் வடிநிலங்கள்: உலக வங்கி
• கொசஸ்தலையாறு வடிநிலம்: ஆசிய வளர்ச்சி வங்கி, 25.1 கோடி டாலர், 2021. 588 கி.மீ. புதிய வடிகால், 175 கி.மீ. மேம்பாடு, 11 கி.மீ. கால்வாய்ச் சீரமைப்பு, 23,000 வடிகட்டித் தொட்டிகள்
• கோவளம் வடிநிலம்: ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி
• மழைநீர் சேகரிப்பு அனைத்துக் கட்டடங்களுக்கும் கட்டாயம்: 2003. இந்தியாவில் முதல் மாநிலம் தமிழ்நாடு
• ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம்: 2007
• மத்திய அரசின் மழைநீர் வடிகால் கையேடு: 2019

மறைந்த ஏரிகள்

• மாம்பலம் நெடிய ஏரி: இன்று தியாகராய நகர்ப் பகுதி
• நுங்கம்பாக்கம் ஏரி: இன்று வள்ளுவர் கோட்டம் (1976). லேக் ஏரியா, டேங்க் பண்ட் சாலை என்னும் பெயர்கள் மட்டும் எஞ்சியவை
• ஸ்பர் ஏரி: சேத்துப்பட்டு அருகே. சாலைப் பெயரில் மட்டும்
• ஏரித்தொடர்: மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்கு. நடுவில் ஒன்று மறைந்தால் அதன் நீர் தெருவில்
• ஏரி வாரியம்: உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன், கி.பி. 919, 921. குடவோலையில் தேர்வு. ஏரிப் பராமரிப்பே தனி வாரியம்

பிற நகரங்கள்

• கோலாலம்பூர்: ஸ்மார்ட் சுரங்கம், 2007, 9.7 கி.மீ.; வெள்ளநீருக்கும் வாகனத்துக்கும்
• டோக்கியோ புறநகர் நிலத்தடி வெள்ளக் கால்வாய்: 2006இல் நிறைவு, 6.3 கி.மீ.
• ஹைதராபாத்: 1908 மூசி வெள்ளம். விஸ்வேஸ்வரய்யா பரிந்துரை. உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர்

பள்ளிக்கரணை

• தென்சென்னையின் நன்னீர்ச் சதுப்புநிலம்
• ராம்சர் தகுதி: 2022, கரிக்கிலி, பிச்சாவரத்துடன். பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர்
• தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலம் பள்ளிக்கரணை அல்ல, கோடியக்கரை (2002)
• எஞ்சியிருப்பது பழைய பரப்பின் சிறு பங்கே. ஒரு பகுதி பெருங்குடிக் குப்பைக் கிடங்கு
• வேலை: சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீரைத் தாங்கி, மெதுவாக விடுதல்
• பாதை: பள்ளிக்கரணை → ஒக்கியம் மடுவு → பக்கிங்காம் கால்வாய் → கோவளம் முகத்துவாரம்
• ஒக்கியம் மடுவு: சதுப்புநிலத்திற்கு உள்ள ஒரே இயற்கை வெளியேறு வாய்